பூட்டிய பெட்டியும் காணும் கண்ணும்

இரகசியம் என்ற சொல்லைக் கேட்டவுடன் பூட்டையும் திறப்பையும் நினைத்துக்கொள்வது நம்மிடையே வேரூன்றிய பழைய வழக்கம். பெட்டியைப் பூட்டித் திறப்பை மடியில் முடிந்துகொண்டால், உள்ளே இருப்பது பிறருக்குத் தெரியாது என்று அமைதி கொள்கிறோம். பெட்டி நமது வீட்டில் இருக்கும்வரைக்கும் அந்த அமைதி நியாயமானதே. ஆனால் பெட்டி அயலான் வீட்டில் இருந்து, நாம் அதனைத் திறக்கச் செல்லும் ஒவ்வொரு வேளையும் அவன் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பானாயின், பூட்டு உடையாமலே நமது வாழ்வின் பெரும்பகுதியை அவன் அறிந்துகொள்வான். எந்தப் பெட்டியை, எந்த நாளில், எத்தனை முறை, எதன் பின் எதனைத் திறந்தோம் என்பதே அவனுக்குப் போதுமான கதையாகிவிடும்.

இன்று நமது பெட்டிகள் அனைத்தும் அயலான் வீட்டிலேயே இருக்கின்றன. கடிதங்கள், புகைப்படங்கள், வைத்தியசாலைப் பதிவேடுகள், பாடசாலைகளின் புள்ளிப் பட்டியல்கள், சங்கங்களின் கணக்குகள் யாவும் ‘மேகம்’ என்னும் அழகிய பெயரால் வழங்கும் சேமிப்பகங்களுக்குச் சென்றுவிட்டன. மேகம் என்ற சொல் யாருக்கும் உரித்தில்லாத, வானத்தில் மிதக்கும் ஒன்றை நினைவூட்டுகிறது. உண்மையிலோ அது மின்சாரத்தையும் நீரையும் விழுங்கி இரைந்துகொண்டிருக்கும் இயந்திரங்கள் நிறைந்த கட்டடம். அதற்குச் சுவர் உண்டு, காவலாளி உண்டு, சம்பளத்துக்கு உழைப்போர் உண்டு, முதலாளியும் உண்டு. உலகச் சந்தையில் இச்சேமிப்புத் தொழிலின் பெரும்பங்கை அமேசன், மைக்ரோசொவ்ற், கூகிள் என்னும் மூன்று அமெரிக்கக் கம்பனிகள் தம் கையில் வைத்திருக்கின்றன. மக்களின் நினைவு முழுவதும் ஒரு சில பண்டகசாலைகளுக்குள் வந்து சேர்ந்துவிட்ட காலம் இது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவது இயல்பு. எழுத்துக்களை மறையாக்கம் செய்து, அதாவது திறப்பு உடையவர் தவிர வேறெவரும் வாசிக்கவியலாத குறிகளாக மாற்றி, பின்னரே அனுப்பலாமே என்பர். அது உண்மை. இன்றைய மறையாக்க முறைகள் மிக வலியவை. செம்மையாகக் கையாளப்பட்டால் பண்டகசாலையின் உடைமையாளனும் உள்ளடக்கத்தில் ஓர் எழுத்தையேனும் வாசிக்க முடியாது. ஆயினும் வாசிக்க முடியாமை வேறு. அறிய முடியாமை வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரமே இக்கட்டுரையின் பொருள்.

நாம் அங்கம் வகிக்கும் ஆசிரியர் சங்கமொன்றின் செயற்குழுவில் இவ்விடயம் ஒரு முறை நீண்ட விவாதத்துக்கு உள்ளாயிற்று. இடமாற்ற முறைப்பாடுகள், சம்பள நிலுவை மனுக்கள், ஒழுக்காற்று விசாரணைப் பதிவுகள், மேலதிகாரிகளின் பழிவாங்கலைக் குறித்து ஆசிரியைகள் நம்பிக்கையுடன் எழுதிய கடிதங்கள் ஆகியன அடங்கிய கோவைகள் இரண்டு இரும்பு அலுமாரிகளில் கிடந்து, கறையானுக்கும் மழை ஒழுக்குக்கும் இரையாகிக்கொண்டிருந்தன. அவற்றைப் படியெடுத்து, மறையாக்கம் செய்து, மேகச் சேமிப்பில் இட்டுவிடலாம் என்பது இளைய உறுப்பினரின் யோசனை. எல்லோரும் இணங்கும் தறுவாயில், மென்பொருள் துறையில் தொழில் புரியும் நமது பழைய மாணவர் ஒருவர், ஆலோசனைக்கென அழைக்கப்பட்டிருந்தவர், மெல்ல எழுந்து சொன்னார்: “சேர், கடிதத்தை ஒருத்தரும் வாசிக்க மாட்டினம். ஆனால் எந்தக் கோவை எப்ப திறந்தது எண்டு அவையளுக்குத் தெரியும். அது போதும்.”

எவ்வாறு போதும் என்று அவர் விளக்கியபோது கூட்டம் அமைதியாயிற்று. 214ஆம் இலக்கக் கோவை யாருடையது என்று பண்டகசாலைக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆசிரியை வலயக் கந்தோருக்கு விசாரணைக்கு அழைக்கப்பட்ட நாளின் மாலையில் அக்கோவை திறக்கப்படுகிறது. அவர் சாட்சியம் அளிக்கும் நாளுக்கு முந்திய இரவில் மீண்டும் திறக்கப்படுகிறது. தீர்ப்பு வந்த அன்றும் திறக்கப்படுகிறது. விசாரணை நடந்த நாட்கள் ஊரறிந்தவை. மூன்று முறை நாட்கள் ஒத்துவந்தபின் 214 என்னும் இலக்கம் ஒரு பெயராக மாறிவிடுகிறது. அதனோடு சேர்த்துத் திறக்கப்படும் 87உம் 301உம் அவருக்குத் துணைநிற்போரின் கோவைகள் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை. சேமிப்புக் கம்பனிக்கு நமது சங்கத்தின்மீது எவ்வித அக்கறையும் இல்லாதிருக்கலாம். ஆனால் திறப்புக்களின் நாட்குறிப்பு அங்கே இருக்கிறது. நீதிமன்றக் கட்டளையோ, அதிகாரியொருவரின் தொலைபேசி அழைப்போ, காசுக்கு மயங்கும் ஓர் ஊழியனோ, வெளியிலிருந்து வரும் திருடனோ அதைப் பெற்றுக்கொள்ளலாம். அக்குறிப்பில் மறையாக்கம் செய்யப்பட்ட பகுதி எதுவும் இல்லை.

இது வெறும் அச்சமன்று. 2012இல் இஸ்லாம், குசு, கந்தார்சியோலு என்னும் மூன்று ஆய்வாளர்கள், மறையாக்கம் செய்யப்பட்ட ஆவணத் தொகுதியில் ஒருவர் சொற்களைத் தேடும்போது எந்தெந்த ஆவணங்கள் எடுக்கப்படுகின்றன என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, தேடப்பட்ட சொற்களையே பெருமளவிற்குக் கண்டறியலாம் என்று நிறுவினர். வீழ்ச்சியுற்ற என்ரொன் கம்பனியின் மின்னஞ்சல்களே அவர்களது பரிசோதனைக் களம். எந்தச் சொற்கள் ஒரே கடிதத்தில் சேர்ந்து வருவது வழக்கம் என்னும் பொது அறிவைத் துணைகொண்டு அவர்கள் அதைச் செய்தனர். ஓர் எழுத்தும் வாசிக்கப்படவில்லை. ஒரு பூட்டும் உடைக்கப்படவில்லை.

நமது கூட்டத்தில் மூத்த தோழர் ஒருவர் வேறொரு கேள்வியை எழுப்பினார். மறைப்பதற்கு நம்மிடம் என்ன இருக்கிறது? நேர்மையானவன் வெளிச்சத்துக்கு ஏன் அஞ்சவேண்டும்? தன்னந்தனி மனிதனின் அந்தரங்கம் என்பது மத்தியதர வர்க்கத்தின் ஆடம்பரமல்லவா? இக்கேள்வியை நாம் எளிதாகத் தள்ளிவிடுவதற்கில்லை. இதற்கு விடை தொழிலாளர் வரலாற்றிலேயே உண்டு. 1838இல் பிரித்தானியத் தொழிலாளர் முன்வைத்த மக்கள் சாசனத்தின் ஆறு கோரிக்கைகளுள் இரகசிய வாக்களிப்பும் ஒன்று. அக்காலத்தில் வாக்கு வெளிப்படையாக அளிக்கப்பட்டது. நிலக்கிழாரும் ஆலை முதலாளியும் பார்த்திருந்தனர். தமக்கு மாறாக வாக்களித்த குத்தகைக்காரனை நிலத்திலிருந்து கிளப்ப அவர்களால் முடிந்தது. அக்கோரிக்கை 1872இலேயே அங்கு சட்டமாயிற்று. வலியவனுக்கு மறைப்பு வேண்டியதில்லை. அவனுடைய வலிமையே அவனுக்குக் காப்பு. எளியவன் தன் கருத்தைத் தன் கருத்தாகவே சொல்வதற்குத்தான் திரை வேண்டும்.

அயல்நாடான இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் இவ்விடயத்தை இன்னும் துலக்கமாகக் காட்டுகிறது. 1951–52இல் நடந்த அத்தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி வைக்கப்பட்டது. பெட்டியில் அவருடைய சின்னம் இருந்தது. வாக்காளர் சீட்டில் எந்த அடையாளமும் இடவில்லை. வெறுஞ்சீட்டைத் தாம் விரும்பிய பெட்டியில் இட்டனர். சீட்டைக் கைப்பற்றி ஆயிரம் முறை ஆராய்ந்தாலும் அதில் ஒன்றும் இராது. எந்தப் பெட்டியைத் தொட்டனர் என்பதே முழு இரகசியமும். ஆகவே, அம்முறையின் உயிர் முழுவதும் பெட்டிகளை மறைத்து நின்ற திரையிலேயே தங்கியிருந்தது. 1962ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், சீட்டில் அடையாளமிட்டு எல்லோரும் ஒரே பெட்டியில் இடும் முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்டது. எல்லோருடைய கையும் ஒரே பெட்டியைத் தொடுமாயின், பார்த்திருப்பவன் அறிவதற்கு ஒன்றுமில்லை. மேகச் சேமிப்பின் சிக்கலுக்கும் அதற்குரிய விடைக்கும் இதைவிட நல்ல உவமை நமக்குக் கிடைக்கவில்லை.

வாசிப்பின் வரலாறும் இதே பாடத்தைப் புகட்டுகிறது. அமெரிக்கச் சமஷ்டிப் புலனாய்வுப் பணியகத்தினர் நூலகங்களுக்குச் சென்று, சோவியத் நாட்டவரும் அவர்தம் நேச நாட்டவரும் என்ன நூல்களை வாசிக்கின்றனர் என்று நூலகர்களிடம் விசாரித்துவந்த செய்தி 1987இல் வெளியாயிற்று. அந்நாட்டு நூலகர்கள் அதனை எதிர்த்து நின்றனர் என்பது அவர்களுக்குப் பெருமை தரும் செய்தி. நாம் பயின்ற பாடசாலையிலும் சிறிய அளவில் இத்தகைய ஒன்று நிகழ்ந்தது. எந்த நூலும் தடைசெய்யப்படவில்லை; இறாக்கையில் எல்லாம் இருந்தன. ஆனால் இரவற் பேரேடு மாதந்தோறும் அதிபரின் மேசைக்குச் செல்லத் தொடங்கியது. இரண்டு தவணைகளுக்குள், மாணவர் கைபட்டுக் கிழிந்திருந்த சில நூல்கள் தூசு படியத் தொடங்கின. தடை இல்லாமலே தடை நிறைவேறிற்று. எந்த நூலை எடுத்தாய் என்று பார்க்கும் கண் ஒன்று இருந்தால், நூல்களை எரிக்கவேண்டிய தேவைகூட இல்லை.

அதே 1987ஆம் ஆண்டிலேயே ஒடெட் கோல்ட்ரைக் என்னும் இஸ்ரேலியக் கணினியியல் அறிஞர் இச்சிக்கலுக்குரிய விடையின் முதற் கல்லை நாட்டினார் என்பது கவனிக்கத்தக்கது. ரபயில் ஒஸ்ரொவ்ஸ்கி 1990இல் அதனை மேலும் வளர்த்தார். இருவரது பணியும் 1996இல் ஒரே கட்டுரையாக வெளிவந்தது. ‘ஒப்ளிவியஸ் ராம்’, சுருக்கமாக ‘ஓராம்’, என்று அதற்குப் பெயர். பார்த்திருப்பவன் எதையும் அறியாவகையில் தொடப்படும் நினைவகம் என்று நாம் அதற்குப் பொருள் கொள்ளலாம். அதன் பிறப்பின் நோக்கம் நமது வாசகர் சிந்திக்கவேண்டிய ஒன்று. மென்பொருளை விற்பவனை, அதை வாங்கியவன் நகலெடுக்காவண்ணம் காப்பதற்கே அது முதலில் எண்ணப்பட்டது. விற்பவனுக்கு அரணாகத் தோன்றிய அக்கருவி, காலம் மாறியபின், பண்டகசாலை முதலாளியின் கண்ணிலிருந்து பொருளுக்குரியவனைக் காக்கும் கருவியாகக் கை மாறிற்று. கருவிக்கு வர்க்கம் இல்லை; அதை ஏந்தும் கைக்கே உண்டு.

அதன் செயலை எளிமையாகச் சொல்ல முயல்வோம். யாவரினும் எளிய வழி, ஒரு துண்டு வேண்டியபோதெல்லாம் எல்லாத் துண்டுகளையும் எடுப்பது. எல்லாவற்றையும் எடுப்பவன் எதற்காக வந்தான் என்று எவரும் அறியார். திருப்பி வைக்கும்போதும், மாறியதோ மாறாததோ, எல்லாவற்றையும் புதிதாக மறையாக்கம் செய்து வைக்கவேண்டும். ஆனால் பத்து இலட்சம் துண்டுகள் இருந்தால் ஒன்றுக்காகப் பத்து இலட்சத்தையும் சுமக்கவேண்டி வரும். கோல்ட்ரைக் காட்டிய வழி இதனைக் குறைத்தது. துண்டுகளைச் சீட்டுக்கட்டுப் போலக் கலைத்து, அவற்றோடு ஆயிரம் போலித் துண்டுகளையும் சேர்த்து, ஆயிரம் துண்டு கொள்ளும் ஒரு சிறு தட்டையும் வைத்தார். ஒவ்வொரு முறையும் தட்டு முழுவதும் பார்க்கப்படும். வேண்டியது தட்டில் இல்லையாயின் குவியலிலிருந்து அது எடுக்கப்படும். இருந்தால் போலித் துண்டொன்று எடுக்கப்படும். எடுத்தது தட்டிற்கு வந்துவிடுவதால் குவியலில் ஒரே இடம் இருமுறை தொடப்படுவதில்லை. ஆயிரம் முறை ஆனபின் எல்லாம் மீண்டும் கலைக்கப்படும்.

2013இல் எமில் ஸ்ரெபனொவ், எலேன் ஷி முதலியோர் வெளியிட்ட ‘பாத் ஓராம்’ என்னும் முறை இதனினும் எளிமையானது. தலைகீழாய் நிற்கும் ஒரு மரத்தைக் கற்பனை செய்க. வேர் மேலே, அது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் மீண்டும் இரண்டாகப் பிரிந்து, அடியில் இலைகள் நிற்கின்றன. ஒவ்வொரு கணுவிலும் நான்கு துண்டுகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொரு துண்டும் திருவுளச்சீட்டால் ஓர் இலைக்கு உரியதாக்கப்படும்; வேரிலிருந்து அவ்விலைவரை செல்லும் பாதையில் ஏதோ ஓரிடத்தில் அது இருக்கும். எந்தத் துண்டு எந்த இலைக்கு உரியது என்னும் குறிப்பு உரியவர் கையில் மட்டும் உண்டு. ஒரு துண்டு வேண்டும்போது அப்பாதை முழுவதும் வீட்டுக்கு வரும். வேண்டியதைப் பார்த்தபின், அத்துண்டுக்குப் புதிய சீட்டுப் போட்டுப் புதிய இலை வழங்கப்படும். பின்னர் பாதையின் துண்டுகள் யாவும் புதிதாக மறையாக்கம் செய்யப்பட்டு, இயன்றவரை கீழ்க்கணுக்களில் திரும்ப வைக்கப்படும். இடமில்லாத சில, உரியவரின் சிறு பையில் தங்கும். ஒரே கடிதத்தைப் பத்து முறை எடுத்தாலும், பத்து வேறு கடிதங்களை எடுத்தாலும், பார்த்திருப்பவனுக்குத் தெரிவது பத்துத் தற்செயலான பாதைகளே. பத்து இலட்சம் துண்டுகளுக்கு மரம் ஏறத்தாழ இருபது படி உயரும். ஒன்றுக்காக எண்பதுக்குச் சற்று மேற்பட்ட துண்டுகளை எடுத்து, அத்தனையையும் திருப்பி வைக்கவேண்டும். பத்து இலட்சத்தோடு ஒப்பிட இது சிறிது. வெளிப்படையாக ஒன்றை எடுப்பதோடு ஒப்பிட இது பெரிது.

இச்செலவை இல்லாமற் செய்ய முடியுமா? முடியாது என்பதே கணிதத்தின் விடை. துண்டுகளின் தொகை பெருகப் பெருக மரத்தின் உயரம் போல வளரும் ஒரு செலவு தவிர்க்கவியலாதது என்று கோல்ட்ரைக்கும் ஒஸ்ரொவ்ஸ்கியும் ஒரு வரையறைக்குள் காட்டினர். 2018இல் லார்சன், நீல்சன் என்னும் இருவர் அதனை மேலும் பொதுவான நிலையில் உறுதிசெய்தனர். 2020இல் அந்த எல்லையையே தொட்டு நிற்கும் முறையும் வெளிவந்தது. மறைப்புக்கு விலை உண்டு; அந்த விலை இவ்வளவு என்று அளந்து சொல்ல இத்துறையால் முடிந்திருக்கிறது. அரசியலில் இத்தகைய நேர்மை அரிது.

நமது சங்கத்தின் முடிவையும் சொல்லிவிடுவோம். கோவைகள் நானூறுக்குச் சற்று அதிகம். எல்லாம் சேர்ந்தும் பெருஞ்சுமையன்று. ஆகவே மரமும் சீட்டும் நமக்குத் தேவைப்படவில்லை. எல்லாக் கோவைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி மறையாக்கம் செய்து சேமிப்பில் இடுவது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முழு மூட்டையையும் எடுத்துப் புதிய மறையாக்கத்துடன் திருப்பி வைப்பது. இடைநாட்களில் அதனைத் தொடாதிருப்பது. மூட்டையின் பருமனும் மாறாதிருக்க வெற்றுத் தாள்களால் நிரப்பி வைப்பது என்று தீர்மானமாயிற்று. ஒரு கடிதத்தை வாசிக்க ஓர் அலுமாரியைச் சுமப்பதா என்று தலைவர் நகைத்தார். ஆயினும் அவரே அத்தீர்மானத்தை முன்மொழிந்தார். நாள் குறித்த ஒழுங்கு அற்பமானதன்று. எந்தப் பாதை தொடப்பட்டது என்பதை ஓராம் மறைக்கும். எப்போது, எத்தனை முறை தொடப்பட்டது என்பதை அது தானாக மறைப்பதில்லை. விசாரணைக்கு முந்திய இரவு திடீரெனப் பரபரப்புறும் சங்கம் தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டிலுள்ள கணினியையே ஒருவன் கைப்பற்றினால் எந்த மரமும் துணை நிற்காது என்பதையும் மறத்தலாகாது.

பெரும் அளவில் இக்கருவி நடைமுறைக்கு வராத ஒன்று என எண்ணுதல் தவறு. சிக்னல் என்னும் செய்திச் சேவை, ஒருவரது தொலைபேசிக் குறிப்பில் உள்ளோருள் யார் யார் அச்சேவையில் இருக்கின்றனர் என்று தேடித்தரும் வேலைக்கு, 2022 முதல் ஓராம் முறையைக் கையாள்கிறது. யார் யாரைத் தெரிந்தவர் என்னும் பட்டியல் தனது இயந்திரங்களை நடத்துவோருக்கே தெரியலாகாது என்பது அதன் நோக்கம். அச்சேவையை நடத்துவது இலாப நோக்கற்ற நிறுவனம் என்பதும் குறிப்பிடத்தக்கது. பார்ப்பதால் வருவாய் பெறுபவன் தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்வான் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

எனவே வினா கணிதத்தோடு முடிவதில்லை. மறைப்பின் விலையை யார் செலுத்துவது என்பதே அடுத்த வினா. எண்பது மடங்கு போக்குவரத்துக்குப் பணம் உள்ளவன் மறைவாக வாழவும், இல்லாதவன் கண்ணாடி வீட்டில் வாழவும் நேருமாயின், நாம் ஒரு பழைய ஏற்றத்தாழ்வைப் புதிய பெயரில் வளர்த்தவர்களாவோம். இலங்கையில் 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் வேண்டும், ஆயினும் பார்த்தவனைப் பின்னர் தண்டிப்பதே சட்டத்தின் வலு, பார்க்கவே இயலாமற் செய்வது கணிதத்தின் வலு. இவ்விரண்டையும் எளியவர் கைக்குக் கொண்டுசேர்ப்பது மக்கள் அமைப்புக்களின் கடமை. சங்கக்கடை அரிசியின் விலையில் ஏழைக்குத் துணை நின்றதுபோல, பல்கலைக்கழகங்களும் பொது நூலகங்களும் தொழிற்சங்கங்களும் கூட்டாகச் சேமிப்பகங்களை அமைத்து, அவற்றில் இம்முறைகளைப் பொது உடைமையாக வழங்க முடியும். இக்கட்டுரைகளும் முறைகளும் பெரும்பாலும் எவரும் கற்கக்கூடியவாறு வெளிப்படையாகவே கிடக்கின்றன. அவற்றைத் தமிழில் கற்பிப்பதற்குத் தடையாக நிற்பது நமது சோம்பலேயன்றி வேறில்லை.

கணிதம் கற்கும் மாணவர்கள் இதனை வாசிக்கின்றனர் என்பதை நாம் அறிவோம். நிகழ்தகவும் மரவுருவும் பரீட்சைத் தாளோடு முடிந்துபோகும் பொருள்கள் என்று அவர்களுக்குப் பல வேளைகளில் தோன்றலாம். ஓர் ஆசிரியையின் கடிதம் பழிவாங்கலுக்கு உள்ளாகாமற் காப்பதும், ஒரு மாணவன் அஞ்சாமல் ஒரு நூலைத் திறப்பதும் அந்த மரத்தின் கிளைகளில் தங்கியிருக்கின்றன. பூட்டுச் செய்யக் கற்றுக்கொண்ட மனித குலம், பார்த்திருக்கும் கண்ணுக்குத் திரையிடவும் கற்றுக்கொண்டுவிட்டது. அத்திரை யாருடைய சாளரத்தில் தொங்கப்போகிறது என்பதைத் தீர்மானிக்கும் வேலை மட்டும் எஞ்சியிருக்கிறது. அது நம் எல்லோருக்கும் உரிய வேலை.